ஒருக்கா ஓடினாப் போதும்

ஓட மாட்டீங்குது. கயித்தச் சக்கரத்துல சுத்தறேன், இழுக்கறேன், சக்கரம் உர்ருனு சுத்துது, வால்வு ரெண்டும் டிக்கு டிக்குனு தொறந்து மூடுது, அப்புறம் சோந்து போயி நிக்குது. ஒரு இருமலில்ல, ஒரு தும்மலில்ல. எத்தன தடவ இழுத்தேன்னு எண்றதயே உட்டுட்டேன். ஒரு தேங்கா அளவு இன்ஜினு, இதுக்கு இத்தன திமிரு. பெட்ரோல் ஊத்தி இழுத்தா ஓடணும், அதுக்குத்தான உன்னையப் பண்ணுனது? உனக்கு என்ன கொற வெச்சேன் நான்? பித்தளைக் கட்டையக் கடைஞ்சு சக்கரம், இரும்புக் கட்டையக் குடைஞ்சு சிலிண்டரு, தீக்குச்சி கனத்துல வால்வு, எல்லாம் இந்தக் கையால பண்ணுனது. காலமெல்லாம் கூட்டுறவு பண்டகசாலையில ரப்பர் முத்திரை குத்துன கை. ரிட்டயர்டு ஆன நாள்ல இருந்து இந்த மாடி ரூம்புலதான் கெடக்கறேன். முத்திரை குத்துன கை பண்ணுன இன்ஜினு ஓடுமான்னு ஊரே கேக்குது, சரி, கேட்டுட்டுப் போகட்டும், நீயுமா கேக்கற? மத்தியானம் டெம்போ வந்துரும். இரும்பு கடையற லேத்தத் தூக்கீட்டுப் போயிரும், மேசையத் தூக்கீட்டுப் போயிரும், ரூம்பக் கழுவி உட்டு வெள்ளையடிச்சு, என்ற புள்ள சுகன்யா பிரசவத்துக்கு வந்து இங்கதான் படுக்கும். வேண்டாம்னா சொன்னேன்? ரூம்பத் தர்றேன்னு மொதல்ல சொன்னதே நாந்தான். அந்தப் புள்ள போன்ல "வேண்டாங்கப்பா, உங்க ரூம்ப எதுக்கு, நான் ஹால்லயே படுத்துக்கறேன்"னு சொல்லுது, அப்படிச் சொன்னதுக்கப்புறம் எந்த அப்பன் ரூம்பக் கட்டிக்கிட்டு அழுவான்? ஆனா ஒண்ணு சொல்லியிருந்தேன். ஒருக்கா ஓடட்டும், ஒரேயொருக்கா, அப்புறம் நானே லேத்துக்கு ஒரு பக்கம் தோள் குடுத்து எறக்கி உடறேன்னேன். ஒருக்கா ஓடினாப் போதும். நான் கேட்டது அவ்வளவுதான், அதுகூட ஆக மாட்டீங்குது.

இழுத்த இழுப்புல சட்டையெல்லாம் செவப்பும் மஞ்சளுமாத் தெறிச்சு வெச்சிருக்குது. என்ற வீட்டுக்காரி மரகதத்தோட வேல. நேத்து ஆயுத பூசை, அருவாமனை, மிக்சி, ஸ்கூட்டர் சாவி, தையல் மெசினு எல்லாத்தையும் கழுவி வரிசையா வெச்சு, நடுவுல இதையும் கொண்டு போயி வெச்சுட்டா. நான் காத்துப் போகாம அடைக்கற கேஸ்கெட்டுக்குப் பசை வெச்சு காயட்டும்னு உட்டிருந்தேன், நேத்துக் காலையில காஞ்சிருச்சு, நேத்தே இழுத்திருப்பேன். "பூசைல வெச்சத இன்னிக்கித் தொடப்படாதுங்க, நாளைக்கு மறுபூசை முடிச்சுத்தான் எடுக்கோணும்"னு நின்னுட்டா. ஒரு நாள் போச்சு. இருந்ததே ரெண்டு நாளு, அதுல ஒண்ணு பொரிக்கும் சுண்டலுக்கும் போச்சு. இன்னிக்கிக் காலையில குளிச்சு முழுகி மறுபூசை பண்ணி, சூடத்தக் காட்டி, எல்லாத்துக்கும் புதுசாப் பொட்டு வெச்சு, ஈரம் காயறதுக்குள்ள என்ற கையில குடுத்தா. சாமி கும்புட்டுட்டு எடுங்கன்னா. கும்புட்டேன். என்னத்தப் புண்ணியம்? நல்லா மனசாரத்தான் கும்புட்டேன், கொழந்தவேலுங்கற என்ற பேரச் சொல்லி நானே எனக்கு வேண்டிக்கிட்டேன். இப்பப் பாரு, சட்டையில பொட்டு, இன்ஜின்ல சத்தமில்ல. டெம்போக்காரன் சத்தம்தான் மொதல்ல வரும்போல இருக்குது. டெம்போவும் ஆருதுன்னு நெனைக்கறீங்க, என்ற மச்சினன் ஈஸ்வரமூர்த்தியோடது. மோட்டார் பம்பு பண்ற பட்டறை வெச்சிருக்கறான், பீளமேட்டுக்கு அக்கட்ட. லேத்த அவன் பட்டறையில ஓரமாப் போட்டு வெச்சுக்கறானாமா. பெரிய உபகாரம். மொதமொதல்ல இங்க வந்து இதப் பாத்தப்ப என்ன கேட்டான்? இடுப்புல கைய வெச்சுட்டு, குனிஞ்சு கூடப் பாக்காம, "என்னுங் மச்சான், இது தண்ணி எறைக்குங்களா?"ன்னான். எறைக்காதுன்னேன். "வண்டியில கிண்டியில மாட்டலாமுங்களா?" மாட்ட முடியாதுன்னேன். "அப்ப எதுக்கு ஆகும்?"ன்னான். நாலு சீட்டப் புடிச்சுட்டு சாயந்தரம் பூரா கிளப்புல உக்காந்திருக்கறயே, அது எதுக்கு ஆகும்னு நான் கேட்டனா? கேட்டிருக்கோணும். வாய் வரைக்கும் வந்துச்சு, மரகதம் காப்பியோட வந்துட்டா, அவ தம்பி, உட்டுட்டேன். போறப்பக் கீழ படியில நின்னுட்டு அவகிட்டச் சொல்றான், எனக்குக் காதுல உழுகாதுன்னு நெனப்பு, "மச்சானுக்கென்னக்கா, வேலையில்லாத வேல." அவ சிரிச்சா. சிரிச்சாளா, சிரிக்கலியா? ஒரு சத்தம் வந்துச்சு. சிரிப்பாத்தான் இருக்கும்.

சரி, இன்னொருக்கா. கயித்தச் சுத்து, பெருவெரல வெச்சு அழுத்து, இழு. ம்ஹும். இந்தப் பெட்ரோல்தான். இப்ப வர்ற பெட்ரோல்ல என்னத்தையோ கலக்கறானுங்க, வாசமே சரியில்ல. அந்தக் காலத்துல பெட்ரோல் மூடியத் தொறந்தா மூக்குல ஏறி மண்டைக்குள்ள போகும், இப்ப இது தண்ணி மாதிரி கெடக்குது. பெட்ரோலில்லாட்டி பிஸ்டன் ரிங்கு. ரிங்க நான் பண்ணுல, அத மட்டும் வாங்கிப் போட்டேன், வாங்குனதுதான் கவுத்துரும் எப்பவும். இல்ல, ரிங்கும் இல்ல, அமுக்கம் நல்லாத்தான் இருக்குது, இழுக்கறப்ப கைக்குத் தெரியுது, எதிர்த்து நிக்குது. அப்ப கார்புரேட்டரு. பெட்ரோல் உடற ஊசியக் கால் சுத்து தொறந்து பாத்தேன், அரைச் சுத்து தொறந்து பாத்தேன், மூடிப் பாத்தேன். வெள்ளைக்காரன் ஒருத்தன் வீடியோவுல இதே மாதிரி ஒண்ண சமையல் மேடை மேல வெச்சு, ஒரு வெரலால சுண்டறான், பட்டுனு ஓடுது. அவன் பொண்டாட்டி பின்னாடி நின்னு கைதட்டறா. அவனுக்கு மட்டும் ஒரே சுண்டல்ல ஓடும், அவன் எத்தன நாள் இழுத்தான்னு வீடியோவுல வெச்சிருப்பானா? வெட்டி எறிஞ்சிருப்பான், திருட்டு ராஸ்கல். கைதட்டறதப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல், ஆமா, வயித்தெரிச்சல்தான், எதுக்கு மறைக்கோணும்? இங்க ஒருத்தி இருக்கறா. கீழ போன் வரும். அவ அக்கா கூப்புடுவா, சம்பந்தியம்மா கூப்புடுவாங்க, ஆரோ ஒருத்தரு. "அவரு என்ன பண்றாருங்க?"ன்னு கேப்பாங்க போல. இவ சொல்லுவா, "சும்மாதான், மேல இருக்கறாரு." சும்மா! ஒரு வால்வ அதோட எடத்துல வெச்சுத் தேச்சுத் தேச்சு, உள்ள ஊதுனா காத்துப் போகாத வரைக்கும் தேச்சு, கண்ணுல தண்ணி வந்துட்டிருக்கும், கீழ இருந்து அந்த வார்த்தை படியேறி வரும். சும்மாதான். பண்டகசாலையில பாதி நாள் நெசமாலுமே சும்மாதான் உக்காந்திருந்தேன், பாமாயில் வரலைன்னு போர்டு மாட்டிட்டு, ஃபேனப் பாத்துட்டு. அப்ப ஆராச்சும் போன் பண்ணுனா "அவரு வேலைக்குப் போயிருக்கறாரு"ம்பா. என்ன நியாயம் இது?

ஸ்பார்க்கப் பத்திச் சொல்லாதீங்க. ஆரு வந்தாலும் மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க, "பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?" பாக்க மாட்டேன். பாக்க வேண்டியதில்ல. பொறிய உண்டாக்கற காயில் நான் சுத்துனது. மத்ததுலயெல்லாம் கொற இருக்கலாம், அதுல இருக்காது. தலைமயிர் கனத்துல கம்பி, ஆயிரக்கணக்குல சுத்து, ஒரு சுத்து மேல ஒரு சுத்து ஏறுனா போச்சு, அறுந்தா மறுபடி மொதல்ல இருந்து. பூசைக்கு மொதநாள் சாயந்தரம் பிளக்கத் தனியா வெச்சு சக்கரத்தச் சுத்திப் பாத்தேன், நீலமா, குண்டா, படக் படக்குனு வெட்டுச்சு. கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் பிளக்க முறுக்கி, கம்பிய மாட்டி, மேல ரப்பர்த் தொப்பியப் போட்டு மூடியாச்சு. பிளக்கக் கழட்டி மாட்டி கழட்டி மாட்டி சிலிண்டரோட அலுமினியத் தலையில முறுக்கற மறை ஒருக்காப் போயி, அடைச்சு மறுபடி வெட்டியிருக்கறேன், இன்னொருக்காப் போனா புதுசா ஒரு தலைதான் பண்ணோணும், அதுக்கு லேத்து வேணும், லேத்துக்கு டெம்போ வருது. அதனால பிளக்குப் பக்கம் போக மாட்டேன். காயில் சுத்துன அன்னிக்கு மரகதம் கூட உக்காந்திருந்தா. கம்பி உருளை துள்ளித் துள்ளிச் சிக்குது, ஒரு ஆளு புடிச்சாத் தேவலைன்னு கத்துனேன், வந்தா, உருளையப் பென்சில்ல கோத்துப் புடிச்சுட்டு மத்தியானம் பூரா உக்காந்திருந்தா. நான் இழுக்க இழுக்க அவ கையில உருளை சுத்துது. அடுப்புல பருப்புப் போட்டிருந்தது தீஞ்சு போச்சு, அதுக்கும் எந்திரிக்கல. அன்னிக்குத்தான் ஒரேயொரு கேள்வி கேட்டா, இத்தன வருசத்துல ஒரே ஒண்ணு. "இதுல எதுங்க முக்கியம்?" எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு, ஈஸ்வரமூர்த்தி மாதிரி எதுக்காகும்னு கேக்கல பாருங்க. பிளக்க எடுத்துக் காமிச்சேன். இந்தத் தொப்பிக்குள்ள வெள்ளையா பீங்கான் மாதிரி இருக்குது பாரு, இங்கதான் இதுக்கு உசுரு, இங்க பொறி வந்தா மத்ததெல்லாம் தானா நடக்கும்னேன். "ஓ"ன்னா. அவ்வளவுதான். மறுநாள் போன்ல மறுபடி "சும்மாதான், மேல இருக்கறாரு." அப்ப என்னத்துக்குக் கேட்டா? கேக்காமயே இருந்திருக்கலாம். கேட்டுட்டு சும்மாங்கறதுதான் நெம்பக் கொடுமை.

இழுக்கறேன், இழுத்துட்டே இருக்கறேன், வெரல்ல கயிறு அறுத்துப் போட்டிருச்சு. சந்தன வாசம் வேற வருது, லேசாக் கருகுன மாதிரி, கீழ பூசை ரூம்புல ஊதுவத்தி முடியறாப்பல இருக்குது. எனக்கு என்ன பயம்னா, இது ஓடாமப் போறது கூட இல்ல. ஓடாமப் போயி, அப்புறம் இதத் துணியில சுத்தி மேல லாஃப்டுல வெச்சுருவாங்க, பேரனோ பேத்தியோ வளந்து ஒரு நாள் எடுத்து "தாத்தா பொம்மை"ன்னு வெளையாடும். பொம்மை! எதுத்த வீட்டுக்காரரு அன்னிக்கே கேட்டாரு, "பொறக்கப் போற பேரனுக்குங்களா?" பல்லக் கடிச்சுட்டு ஆமாங்கன்னேன். பொம்மையில பெட்ரோல் வெடிக்குமா? பொம்மைக்கு டைமிங் இருக்குதா? பண்டகசாலையில கடைசி நாள் மாலை போட்டு ஒரு கடியாரம் குடுத்தானுங்க. ஆறு மாசத்துல நின்னு போச்சு. பேட்டரி மாத்துனேன், ஓடல. அந்தக் கடியாரத்த இன்னமும் ஹால்ல மாட்டித்தான் வெச்சிருக்கறா மரகதம், "மரியாதைக்குக் குடுத்ததுங்க, எடுக்காதீங்க"ங்கறா. நின்னு போனதுக்கு மரியாதை. வெறும் முத்திரை குத்தறதுக்கு மரியாதை. ஒரு இரும்புத் துண்டுக்குள்ள நெருப்ப வர வெக்கலாம்னு ராப்பகலா யோசிக்கறவன் சும்மா இருக்கறவன். சுகன்யா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில சித்தெ நேரம் அழுகவே இல்ல. நர்சு தலைகீழாப் புடிச்சுத் தட்டுனாங்க, முதுகுல தேச்சாங்க, நான் கதவுச் சந்துல பாத்துட்டு நிக்கறேன், கை காலெல்லாம் சரியா இருக்குது, வெரல் நகம் எல்லாம் இருக்குது, சத்தம் மட்டும் இல்ல. அந்த நேரம் எத்தன நேரம்னு எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு சின்னத் தும்மல், அப்புறம் கத்துச்சு பாருங்க, வராண்டா பூரா. இப்ப அது வயித்துல ஒண்ணு. அதுவும் நல்லபடியாக் கத்தோணும். எதுக்கு இப்ப இந்த நெனப்பு வருது, எதோட எதப் போயி முடி போடறேன், சீ. இழு. எல்லாம் இருக்குது, சத்தம் மட்டும் இல்ல. இழு.

ஹாரன். வந்துட்டான். சந்து முனையிலயே அடிக்கறான், ஊருக்கே தெரியோணும், மச்சான் கடைய மூடறாருன்னு. கயித்தத் தூக்கி எறிஞ்சேன். போதும். போடா, நீயும் உன்ற சக்கரமும். கடைசியா அந்தத் தொப்பிய ஒரு இழுப்பு இழுத்தேன், பாக்கறதுக்கு இல்ல, கோவத்துல. டப்புனு கழண்டு கையில வந்துச்சு. உள்ள பாத்தேன். மறுக்காப் பாத்தேன். கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாத்தேன். வெள்ளைப் பீங்கான் மேல கெட்டியா, ஈரமா, அழகா வட்டமா ஒரு சந்தனப் பொட்டு. நடுவுல குங்குமம். மேல தொப்பிய அழுத்துனதுல அது கீழ வரைக்கும் வழிஞ்சு, உச்சிக் கம்பியில இருந்து அடி இரும்பு வரைக்கும் ரோடு போட்டு வெச்சிருக்குது. பொறி உள்ளயே போகல. காயில் ஒழுங்காத்தான் அனுப்பியிருக்குது, எல்லாம் இந்தச் சந்தன ரோட்டுல எறங்கி மண்ணுக்குப் போயிருச்சு. கருகுன வாசம் ஊதுவத்தி இல்ல, இது! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், காலையில இருந்து வந்ததெல்லாம் கோவமே இல்ல. "ஏம்புள்ள மரகதம்! இங்க வா மேல!" படியில தடதடன்னு ஓடியாந்தா, முந்தானையில கையத் தொடைச்சுட்டே. "ஓடிருச்சுங்களா?" "இங்க பாரு. என்ன இது?" "பொட்டுங்க." "பொட்டுன்னு எனக்குத் தெரியுது. இங்க எதுக்கு?" அவ என்னையப் பாத்தா, நான் எதையோ தெரியாமக் கேக்கற மாதிரி. "நீங்கதானுங்க சொன்னீங்க, இதுக்கு உசுரு அங்கதான் இருக்குதுன்னு. நேத்து சக்கரத்துக்கும் பெட்ரோல் டப்பாவுக்கும் வெச்சுப்போட்டு, காலையிலதான் நெனப்பு வந்துச்சு. உசுரு இருக்கற எடத்த உட்டுப்போட்டு வெறும் சக்கரத்துக்கு வெச்சு என்ன பிரயோசனம்? வெச்சுட்டு தொப்பியப் பழையபடியே அழுத்தி மாட்டீட்டனே. கழண்டு போச்சுங்களா?"

வாய் நெறைய வார்த்தை வெச்சிருந்தேன். நாலு வருசத்துக்கு ஆகற வார்த்தை. சும்மாங்கறதுக்கு, வேலையில்லாத வேலைங்கறதுக்கு, தம்பி சொல்லிச் சிரிச்சதுக்கு, எல்லாத்துக்கும் சேத்து. கையில இருந்த தொப்பியவே திருப்பித் திருப்பிப் பாத்தேன். இந்த ஊர்ல எத்தன பட்டறை, எத்தன மெசினுக்கு நேத்துப் பொட்டு வெச்சிருப்பாங்க, அந்த வரிசையில இதையும் ஒரு மெசினுன்னு நெனச்சு வெச்சது இவ ஒருத்தி. அதுவும் சக்கரத்துல வெச்சு ஒப்பேத்தாம, அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சிருந்து, தொப்பியக் கழட்டி, தேடி வெச்சிருக்கறா. எனக்கு வாயத் தொறந்தா அதுவும் கோவமாத்தான் வந்துச்சு, "அந்தத் துணிய எடு"ன்னு அதட்டுனேன். எடுத்துக் குடுத்தா. தொடைக்கறதுக்கு மனசு வரல. "பொட்ட அழிச்சாத்தான் ஓடும் புள்ள"ன்னேன். "அழிங்க. சாமிக்குத் தெரியும்"னா. ஈரத்துணியில தொடைச்சேன், காஞ்ச துணியில தொடைச்சேன், தொப்பிக்குள்ள வெரல உட்டுச் சுத்தித் தொடைச்சேன். வெரல்ல ஒட்டுன சந்தனத்த என்ன பண்றதுன்னு தெரியாம நெத்தியில தேச்சுட்டேன். பெட்ரோல் நெம்பக் குடிச்சிருந்துச்சு, ஊசிய மூடி சும்மா சுத்தி வெளிய தள்ளுனேன், அப்புறம் தொறந்தேன். கயித்தச் சுத்துனேன். கீழ ஈஸ்வரமூர்த்தி கேட்டத் தொறக்கற சத்தம்.

மொதல் இழுப்புல ஒரு தும்மல். மரகதம் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திட்டா. அடுத்த இழுப்புல கத்துச்சு. கத்துச்சுங்க. சடசடசடன்னு, மேசை அதிருது, ஸ்பேனர் எல்லாம் மேசையில ஆடுது, சக்கரம் வெறும் மஞ்ச வெளிச்சமாச் சுத்துது, நீலப் புகை, அந்த வாசம். நான் என்னமோ சொல்றேன், எனக்கே காதுல உழுகல. அவ ஒரு வெரல நீட்டி மெல்லத் தொட்டா, "சுடுதுங்க"ன்னா, கத்திச் சொன்னா, மறுபடி தொட்டா. ஊசிய ஒரு மயிரிழை மூடுனேன், சத்தம் சீராயிருச்சு. டப்பாவுல இருந்தது கொஞ்சந்தான், தீந்து போயி, ரெண்டு மூணு தடவ தடுமாறி, நின்னுச்சு. ரூம்பு ஓய்ஞ்சு போச்சு. காது ரெண்டும் ஙொய்ங்குது. சரி, ஆச்சு, ஒருக்காத்தான் கேட்டேன், ஓடிருச்சு, குடுத்த வாக்குன்னு ஒண்ணு இருக்குதுன்னு லேத்துப் பக்கம் திரும்புனேன்.

"அக்கா!" கீழ இருந்து ஈஸ்வரமூர்த்தி. "டெம்போ நிக்குது, லோடு வேற இருக்குது எனக்கு. மச்சான் மேல என்ன பண்றாரு?"

எனக்குத் தெரியும் இவ என்ன சொல்லுவான்னு. பழகுன வார்த்தைதான, படியில எறங்கிப் போயிரும். அவ என்னையப் பாக்கல. பெட்ரோல் புட்டிய எடுத்து என்ற கையில குடுத்தா. "இன்னொருக்கா உடுங்க"ன்னா. அப்புறம் சன்னல்ல தலைய உட்டுக் கீழ பாத்து, இத்தன வருசத்துல நான் கேட்டதே இல்லாத ஒரு குரல்ல ஒரு சத்தம் போட்டா.

"இருடா ஈஸ்வரா! அவரு வேலையா இருக்கறாரு."